கரகரப்பைத் திருத்தியவர்

கேட்காமலே உதவி செய்கிறவர்களுக்கு எதிராக எந்தச் சட்டமும் இல்லை. திருடனைப் பிடித்துக் கொடுக்கலாம். ஏமாற்றியவனைப் பள்ளிவாசல் நிர்வாகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தலாம். நாம் பாடுபட்டுச் செய்த ஒன்றை நமக்குச் சொல்லாமல் எடுத்துத் திருத்தி, துடைத்து, காசும் வேண்டாமென்று சிரித்த முகத்தோடு திருப்பித் தருகிறவரை என்ன செய்வது? கல்முனையில் எங்களுக்கு அப்படி ஒருவர் இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் எனக்குச் செய்த உதவியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

அவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். வயதில் மூத்தவர் என்பதால் எனக்குக் காக்கா, அதாவது அண்ணன். கலியாணம், கந்தூரி, தேர்தல் கூட்டம், உதைபந்தாட்டம், எதுவானாலும் தென்னையில் ஏறிக் குழாய் கட்டுவது அவருடைய ஆட்கள்தான். கீழே மேசையில் வால்வு அம்பிளிபயர் இருக்கும். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். உள்ளே கண்ணாடிக் குழல்கள் சிவந்து எரியும். சுவிட்சைப் போட்டவுடன் வேலை செய்யாது. சூடேறும்வரை மரியாதையாகக் காத்திருக்க வேண்டும். அதன் மேல்தட்டில் அவர் தேநீர்க் கோப்பையை வைத்து ஆறாமல் பார்த்துக்கொள்வார்.

அந்தப் பெட்டியில்தான் நான் முதன்முதலாக என் கிட்டாரைச் சொருகினேன். மட்டக்களப்பில் ஒரு பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது கைவிட்டுப்போன கிட்டார் அது. மெதுவாகத் தட்டினால் சொன்னதைக் கேட்கும். ஓங்கித் தட்டினால் எதிர்த்துக் கதைக்கும். சத்தம் உடையும். ஆனால் கண்ணாடி உடைவதுபோல் அல்ல, பனங்கட்டி உடைவதுபோல. விளிம்பு மழுங்கி, உள்ளே இனிப்போடு. தென்னை உச்சியில் கட்டிய தகரக் குழாய் வழியாக அந்தச் சத்தம் கலியாண வீட்டு முற்றத்தில் இறங்கும்போது, நான் யாரோ பெரிய ஆள் என்று எனக்கே தோன்றும். அப்படித் தோன்றிய வேறு சந்தர்ப்பங்கள் என் வாழ்க்கையில் அதிகமில்லை.

பிறகு அவர் வால்வுப் பெட்டியை விற்றுவிட்டு டிரான்சிஸ்டர் அம்பிளிபயர் வாங்கினார். கார் பற்றரியில் வேலை செய்யும். மின்சாரம் எட்டாத வயற்கரை ஊர்களிலும் கலியாணம் நடக்கிறது, அங்கேயும் கொண்டுபோகலாம், ஒரு கையால் தூக்கலாம். காரணங்கள் எல்லாமே நியாயமானவை. நியாயமான காரணங்களால் நடக்கும் நாசத்துக்குத்தான் எதிர்ப்புத் தெரிவிக்க வழியில்லை. புதுப் பெட்டியில் என் கிட்டார், தகரத்தில் ஆணியால் கீறுவது போலிருந்தது. ஓங்கித் தட்டினால் இரண்டு ஆணி.

இது போதாதென்று சவூதியிலிருந்து ஓர் ஓர்கன் வந்து இறங்கியது. எங்கள் இசைக்குழுவின் தலைவர் ஒரு கணித ஆசிரியர். எல்லோருக்கும் அவர் சேர். பாடகரும் அவரே. அவருடைய மச்சினன் சவூதியில் வேலை முடிந்து வரும்போது அந்த ஓர்கனைக் கொண்டுவந்தான். அதில் வரிசையாகப் பொத்தான்கள்: புல்லாங்குழல், வயலின், மணி. கடைசியில் ஒரு பொத்தான், கிட்டார். அதை அமத்தி, கட்டையைத் தொட்டால், போத்தலுக்குள் அடைபட்ட நுளம்பு ரீங்காரமிடும் சத்தம் வரும். அதைக் கேட்டு ஊரே வாய்பிளந்து நின்றது.

சேர் என்னைக் கூப்பிட்டார். வழக்கமாக என்னை ‘நீ’ என்பவர் அன்று ‘நீங்க’ என்றார். அப்போதே விளங்கிவிட்டது.

“தம்பி, நீங்க குறை நினைக்கப்படாது. ஒரு குழுவுக்கு ரெண்டு கிட்டார் என்னத்துக்கு?”

“சேர், அது கிட்டார் இல்ல. பொத்தான்.”

“ஆக்கள் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா ரெண்டும் ஒண்டுதானே?”

“கண்ண மூடினாத்தான் சேர் வித்தியாசம் தெரியும்.”

கணித ஆசிரியர் அல்லவா, நிறுவல் கேட்டார். “சரி. வாற ஞாயிறு கலியாணத்தில ரெண்டு பேரும் அடிங்க. உங்கட சத்தம் ஓர்கன விட நல்லமா இரிந்தா நீங்க இரிங்க. இல்லாட்டி மச்சினன் பாத்துக்குவான். வேன்ல ஒரு ஆள்ர இடமும் மிச்சம்.”

அந்தக் காலத்தில் எனக்கென்று இருந்த ஒரே பதவி அதுதான். உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியலுக்கு எனக்குக் கிடைத்த சாதாரண சித்தியைப் பார்த்துப் பல்கலைக்கழகம் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டது. அரசாங்க வேலைக்குப் போட்ட விண்ணப்பங்கள் எங்கே போயின என்று அரசாங்கத்துக்கே தெரியாது. ஊரில் என்னைக் ‘கிட்டார் அடிக்கிற புள்ள’ என்றார்கள். கிட்டாரை எடுத்துவிட்டால் மிச்சம் சோற்றுக்கு வந்து உட்காருகிற ஒரு புள்ளதான். இசையே கூடாதென்று சொன்ன பெரியவர்களும் ஊரில் இருந்தார்கள். அவர்களை நான் மதித்தேன். அவர்களாவது என்னை ஒரு பாவியாகப் பொருட்படுத்தினார்கள். சேரும் மச்சினனும் என்னை வேனில் ஓர் இடமாகத்தான் கணக்குப் பார்த்தார்கள்.

ஆகவே நான் ஒரு பெட்டி செய்யத் தீர்மானித்தேன். கிட்டாருக்கும் அம்பிளிபயருக்கும் நடுவில் நின்று, சத்தத்தைப் பெருக்கி, வால்வுபோல உடைத்து அனுப்புகிற ஒரு சிறு பெட்டி. அதற்குப் பூஸ்டர் என்று பெயர். வாசிகசாலையில் கிடந்த பழைய இங்கிலீசு சஞ்சிகை ஒன்றில் அதன் படம் இருந்தது. விளக்கம் இருந்த பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள். ஆகவே விளக்கத்தை நானே உண்டாக்கினேன்.

என் விளக்கம் இதுதான். டிரான்சிஸ்டர் அம்பிளிபயரில் சத்தம் நிமிர்ந்தபடியே போய்க் கூரையில் தலையை இடிக்கிறது. அதுதான் தகரச் சத்தம். வால்வில் அது கூரை கிட்ட வருவதைக் கண்டு முன்னாலேயே கழுத்தைச் சாய்க்கிறது. அதுவும் மேல்பக்கம் ஒரு மாதிரி, கீழ்ப்பக்கம் இன்னொரு மாதிரி. பழைய ரேடியோக்களில் வரும் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரைக் கொஞ்சம் கோணலாக நிறுத்தினால் அதுவும் அப்படியே கழுத்தைச் சாய்க்கும். முறைப்படி அதைப் பற்றரியின் நடுவில் நிறுத்த வேண்டும். ஒன்பது வோல்ட் என்றால் நாலரையில். நான் வேண்டுமென்றே ஒரு மூலைக்குத் தள்ளினேன். அந்தக் கோணலில்தான் எல்லாமே இருந்தது.

எல்லா ஜெர்மேனியமும் இதற்குச் சரிவராது. ஊரிலுள்ள ரேடியோ திருத்துகிறவர்களின் குப்பைப் பெட்டிகளை எல்லாம் கிளறினேன். சிலது சீறியது. சிலது ஊமை. சிலது இரண்டு நிமிடம் பாடிவிட்டுத் தூங்கிப்போனது. கடைசியில் வாப்பாவின் செத்துப்போன கைரேடியோவிலிருந்து கழற்றிய ஒன்றுதான் நான் நினைத்தபடி உடைந்தது. அதைப்போல இன்னொன்றை நான் பிறகு காணவேயில்லை.

பெட்டிக்கு, மீன் அடைத்து வந்த நீள்வட்டத் தகரப் பேணி ஒன்று அகப்பட்டது. எத்தனை தரம் கழுவினாலும் வெயிலேறினால் பழைய வாசம் வரும்; அயல்வீட்டுப் பூனை என் இசையின் முதல் ரசிகையானது அப்படித்தான். காலால் மிதிக்கும் சுவிட்சுக்கு எங்கே போவது? சம்மாந்துறையில் உழவு மெஷின் திருத்துகிற கராஜ் ஒன்றின் பின்னால் ஒரு பழைய இங்கிலீசுக் கார் துருப்பிடித்துக் கிடந்தது. அதில் முன்விளக்கைத் தாழ்த்த, காலடியில் ஒரு மிதிசுவிட்ச் இருக்கும். அதைக் கழற்றினேன். மிதித்தால் ‘டொக்’ என்று விழும். இன்னொரு தரம் மிதித்தால் எழும். நெல் மூட்டையே விழுந்தாலும் உடையாது.

ஒரு குறை மட்டும் இருந்தது. ஜெர்மேனியத்துக்கு வெயில் ஆகாது. காலையில் அருமையாகப் பாடும். பகல் ஏற ஏற முகத்தைத் தொங்கப்போடும். எங்கள் ஊரில் பகல் எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இதன் கஷ்டம் விளங்கும். பேணியைச் சுற்றி ஈரத்துணி கட்டினேன். காய்ச்சல்காரன் நெற்றிக்குப் போடுகிற மாதிரி.

வீட்டு ரேடியோவின் பின்னால் சொருகி அடித்துப் பார்த்தபோது வாப்பா எட்டிப் பார்த்தார். “என்னடா அது, ஆரோ வயித்துவலில கிடக்கிற மாதிரிக் கேக்குது.” நான் மகிழ்ந்துபோனேன். தகரத்துக்கு வயிற்றுவலி வராது. உயிருள்ளதற்குத்தான் வரும்.

இனி அதை ஒலிபெருக்கிக்காரரின் புதுப் பெட்டியில் சொருக அனுமதி வாங்க வேண்டும். அவருடைய அம்பிளிபயருக்குள் எதுவும் அவர் பார்க்காமல் போகக்கூடாது. அது அவருடைய சட்டம்.

“என்னடா இது? மீன் பேணியா?”

“பூஸ்டர், காக்கா.”

“என்ட அம்பிளிபயருக்குள்ள மீன் பேணி போறதெண்டா நான் பாக்காம உட ஏலா. வெச்சிட்டுப் போ. ஞாயிறு மேடையில தாறன்.”

வைத்துவிட்டுப் போனேன். இதில் என் பிழை என்னவென்று பல வருடம் யோசித்திருக்கிறேன். எதுவுமில்லை.

ஞாயிறு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, பெண் வீட்டு முற்றத்தில் மேடை. ஒரு பக்கம் ஓர்கன், அதற்கு மட்டும் பட்டுத் துணி விரித்திருந்தார்கள். மறுபக்கம் நான். ஒலிபெருக்கிக்காரர் வந்து பேணியை என் காலடியில் வைத்து வயரைச் சொருகினார். பேணி பளபளத்தது. ஈரத்துணியைக் காணவில்லை.

“எல்லாம் சரியாக்கி இரிக்கி,” என்றார். “கரண்டுக்குப் பக்கத்துல ஈரத்துணி வெக்கிற புத்தி உனக்கு எங்கிரிந்துடா வந்த?”

பாட்டு ஆரம்பமானது. சேர் பல்லவியை முடித்து என் பக்கம் தலையசைத்தார். நான் சுவிட்சை மிதித்தேன். டொக். ஓங்கி அடித்தேன்.

தெளிவு. கழுவித் துடைத்து வெயிலில் காயப்போட்ட தெளிவு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக, ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்டது. என் விரல்களைத் தனித்தனியாகக் கேட்பது நல்லதல்ல. கரகரப்பு இருந்திருந்தால் தடுமாற்றத்தைக்கூட வேண்டுமென்றே செய்தது என்று நினைப்பார்கள். அது போனபின் நான் எங்கெங்கே பிழைவிட்டேன் என்பது மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் பின்னால் கிடாரத்தடியில் நின்ற சமையற்காரருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அடுத்த சரணத்தில் மச்சினன் பொத்தானை அமத்தினான். நுளம்பு எழுந்தது. ஆட்கள் கைதட்டினார்கள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மனிதர், “அதுதான்டா கிட்டார்,” என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார்.

மேடையிலிருந்து இறங்கியதும் சேர் தோளில் கைபோட்டார். “தம்பி, இவ்வளவு தெளிவா உங்கட கிட்டார நான் ஒரு நாளும் கேட்டதில்ல. அதுதான் பிரச்சின.”

என் பெட்டியை யாரோ கெடுத்துவிட்டார்கள், அது வேறு சத்தம், அதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று மன்றாடினேன். அடுத்த ஞாயிறு சம்மாந்துறையில் ஒரு கலியாணம் இருந்தது. அதுவரை தவணை தந்தார்.

ஒலிபெருக்கிக்காரர் வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

“காக்கா, என்ட பெட்டிக்குள்ள என்ன செஞ்சீங்க?”

“திருத்தினன்.”

“அது பழுதில்லையே.”

“பழுதில்லையா? மீற்றர வெச்சுப் பாத்தன். ஒம்பது வோல்ட் பற்றரி, நடுவுல நாலரை இரிக்கணும். உன்டது பயந்த பூனை மாதிரி ஒரு மூலைல போய்ப் பதுங்கிக் கிடக்கு. பழைய டிரான்சிஸ்டரக் கழட்டிட்டுப் புதுசு போட்டு, நடுவுக்குக் கொண்டுவந்து, இரைச்சல அமத்த ஒரு கண்டென்சரும் வெச்சன்.”

“அத நான் வேணுமெண்டுதான் மூலைல வெச்ச.”

வயர் சுற்றுவதை நிறுத்திவிட்டு, வாப்பாவிடம் சொல்லத்தான் வேண்டுமோ என்ற முகத்தோடு என்னைப் பார்த்தார். “கரகரக்கணும் எண்டா?”

“ஓம்.”

“டேய், கதைச்சாக் கதை வெளங்கணும், பாடினாப் பாட்டு வெளங்கணும். நான் இவ்வளவு காலமும் கரகரப்ப நிப்பாட்டத்தானே தொழில் செய்யிறன். நீ அத உண்டாக்கப் பெட்டி செஞ்சிரிக்காய்.”

“உங்கட வால்வுப் பெட்டி அப்படித்தானே கேட்ட, காக்கா?”

“அதுக்குத்தானே அத வித்தன்.”

அந்த மனிதருக்கு வஞ்சகம் இருந்திருந்தால் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பேன். ஓர்கன்காரனோடு கூட்டுச் சேர்ந்து செய்தார் என்றால் சண்டை பிடிக்கலாம். அவர் என்மீது உள்ள பிரியத்தால் செய்தார். இரண்டு மணிநேரம் குந்தியிருந்து ஈயம் ஒட்டினாராம். பேணியையும் புளி போட்டு விளக்கினாராம்.

“சரி, அந்தப் பழைய டிரான்சிஸ்டரத் தாங்க.”

“அதுவா? அது காரைதீவு மிட்வைப் அம்மாட ரேடியோவுக்குப் போட்டிட்டன். அவவுக்குப் பழைய சாமான்தான் வேணுமாம். தேடிக்கிட்டு இரிந்தன். உன்ட பேணியத் திறந்தா உள்ளுக்குக் கிடக்கு. ரெண்டு பேர்ர வருத்தமும் ஒரே நாள்ல தீர்ந்திட்டு.” அவர் முகத்தில் மனநிறைவு பொங்கியது.

அடுத்த நாள் காலை சைக்கிளில் காரைதீவுக்குப் போனேன். சட்டைப்பையில் ஒரு புதிய டிரான்சிஸ்டர், மாற்றாகக் கொடுப்பதற்கு. மிட்வைப் அம்மா ஓய்வு பெற்ற மருத்துவிச்சி. கல்முனை, காரைதீவு இரண்டிலும் பாதிப்பேரை இந்த உலகத்துக்கு இழுத்துப்போட்டவர். நான் இன்னாருடைய மகன் என்று சொன்னதும் என் தலையை மேலும் கீழும் பார்த்தார்.

“தெரியும் மனே. வெளிய வரமாட்டன் எண்டு அடம்பிடிச்ச ஆள். கொம்மாவப் படுத்தின பாடு. இப்ப என்னத்துக்கு வந்த நீ?”

இப்படி ஆரம்பிக்கிற ஒருவரிடம் உரிமைப் பிரச்சினை பேசுவது கஷ்டம். சுற்றிவளைத்தேன். “அம்மா, உங்கட ரேடியோவுக்குள்ள ஒரு பழைய சாமான் போட்டிருக்காங்க. இது புத்தம் புதுசு. மாத்தித் தாறன்.”

“புதுசு வேணாம். முந்தி அந்த மனிசன் புதுசுதான் போட்டுத் தந்தவர். செய்தி வாசிக்கிறவர் பேணிக்குள்ள தலைய விட்டு வாசிக்கிற மாதிரி இருந்த. கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்திட்டன். இப்ப கேட்டுப் பார்.”

தோலுறை போட்ட ரேடியோவைத் திருகினார். நெல் விலை பற்றி ஒருவர் கதைத்துக்கொண்டிருந்தார். குரல் வட்டமாக, கதகதப்பாக, ஓரங்களில் இலேசாகக் கரகரத்து, பக்கத்துக் கதிரையில் இருந்து கதைப்பதுபோல் வந்தது. அது என் டிரான்சிஸ்டர். என் சத்தம்.

“மனிசர்ர தொண்டையில எப்பவும் ஒரு கரகரப்பு இருக்கும் மனே. அதத் துடைச்சா ஆள் இல்ல,” என்றார்.

வாசிகசாலையில் இல்லாத பக்கத்தை, சேருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் ஒரு கலியாணக் கூட்டத்துக்கும் விளங்காத ஒன்றை, இந்த மனுஷி நெல் விலை கேட்கும்போதே கண்டுபிடித்திருந்தார். எனக்கு ஒரு கட்சி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் உண்மையைச் சொன்னேன். கிட்டார், ஓர்கன், மீன் பேணி, சம்மாந்துறைக் கலியாணம், எல்லாவற்றையும் சொன்னேன். அது இல்லாவிட்டால் எனக்குக் குழுவில் இடமில்லை என்பதையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். ஒரு தட்டில் வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தார்.

“அப்ப இந்தச் சத்தம்தான் நல்லமெண்டு உனக்கும் தெரியும்.”

“ஓம்.”

“எனக்கும் தெரியும்.”

“ஓம்.”

“பிறகு நான் ஏன் தரவேணும்?”

வாழைப்பழத்தைச் சாப்பிட்டேன்.

“அந்தக் கலியாண வீட்டுல ஆர் மனே கேக்கப்போற? சாப்பிடத்தானே ஆக்கள் வாற,” என்று அவர் ஆறுதல் சொன்னார். “இஞ்ச நான் காலையில இருந்து படுக்குமட்டும் கேக்கிறன்.”

என் கொள்கையை ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் அவர். ஏற்றுக்கொண்ட ஒரே காரணத்தால் என் டிரான்சிஸ்டரைத் தர மறுத்தவரும் அவர். அவருக்குக் காது இல்லாதிருந்தால் புதியதை வாங்கிக்கொண்டு பழையதைத் தந்திருப்பார். என்னை எதிர்த்தவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்ய முடியாததை என் பக்கம் நின்றவர் தனியாகச் செய்துமுடித்தார். மீதி நாட்களில் மறுபடி குப்பைப் பெட்டிகளைக் கிளறினேன். சீறியவை சீறின, ஊமைகள் ஊமையாகவே இருந்தன.

சம்மாந்துறைக்குக் கிட்டார் இல்லாமல் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் சேர் ஆள் அனுப்பியிருந்தார். வேனில் எனக்கு இடம் வைத்திருந்தார்கள்.

“தம்பி, உங்கட தமிழ் நல்லம். புத்தகமெல்லாம் வாசிக்கிற ஆள். நீங்க மைக்கப் புடிங்க. அறிவிப்பாளரா இரிங்க.”

மறுக்க வாயெடுத்தேன். அதற்குள் ஒலிபெருக்கிக்காரர் மைக்குக்கும் அம்பிளிபயருக்கும் நடுவில் மீன் பேணியைச் சொருகி, சுவிட்சைக் கையால் அமத்தி, “ஹலோ, ஹலோ” என்று பார்த்தார். அவர் கண்கள் கலங்கிவிட்டன. “இவ்வளவு தெளிவு எந்தப் பெட்டியிலயும் நான் கேட்டதில்லடா. உன்ட சாமான் வீணாப் போகல்ல பாத்தியா.”

மைக்கை என் கையில் தந்தார். முற்றம் நிறைய ஆட்கள். மச்சினன் ஓர்கனுக்குப் பின்னால் விரல்களை நெரித்துக்கொண்டு காத்திருந்தான். சேர் தலையசைத்தார். நான் தொண்டையைச் செருமினேன். அதுகூடப் பழுதில்லாமல் தென்னை உச்சியிலிருந்து திரும்பி வந்தது.

“அடுத்ததாக,” என்று நான் என் சொந்தப் பெட்டி வழியாக, ஒரு துளி கரகரப்பும் இல்லாமல் ஊருக்கு அறிவித்தேன், “கிட்டார்.”

மச்சினன் பொத்தானை அமத்தினான்.